அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எண்ணூற்று நாற்பது பக்கம்.
நடிகர்கள் ஐந்து பேர்.
பள்ளியில் கட்டாயப் பாடமாகி
ஊரே வெறுத்த நாவல்.
வெட்டுகிறவள் நான்.

திரியெஸ்தே துறைமுகத்தில்
காப்பி மூட்டை அடுக்கிய பழைய கிடங்கு.
போரா காற்று வந்து தகரத்தை உலுக்கினால்
வசனம் பாதியில் நிற்கும்.
காற்று போனதும்
விட்ட எழுத்திலிருந்து தொடரும்.
கணப்பு ஒன்றே ஒன்று,
அதுவும் எங்களுக்கில்லை, முகமூடிகளுக்கு.
குளிரில் விறைத்த தோல்
மூக்கைக் கடிக்கும் என்பான் நேவியோ.

ஆறு பக்க மூடுபனியை
ஒரு தும்மலாக்கினேன்.
நாயகனின் மனசாட்சி, பதினொரு பக்கம்:
காலைவிட்டுக் கழலாத ஒரு பூட்ஸ்.
நகரசபை விவாதம் முழுக்க
இரண்டு பேர், ஒரு நாற்காலி.
கத்தரிக்கோலுக்கு ருசி பிடித்துப்போயிற்று.

முகமூடி மூக்கோடு முடிந்துவிடுகிறது.
அதற்குக் கீழே சொந்த வாய்.
மேலே ஊரறிந்த கஞ்சன்,
கீழே உல்டெரிகோ, இரண்டு நாளாய்ப் பல்வலி.
உள்ளே அழக்கூடாது, தோல் ஊறிவிடும்
என்பது நேவியோ போட்ட சட்டம்.
வியர்வைக்கு விலக்கு உண்டு.

அறுநூற்றுப் பன்னிரண்டில் மாட்டிக்கொண்டோம்.

உப்புக் கிடங்குக் குமாஸ்தாவின் மகள்
ஒர்சோலா சாகிறாள்.
ஒன்பது பக்கம் சாகிறாள்.
பதினைந்து வயதில்
அந்தப் பக்கங்களைக் குளியலறையில் பூட்டிக்கொண்டு படித்தேன்.
இங்கே யாரிடமும் சொல்லவில்லை.
ஊரோடு சேர்ந்து வெறுத்ததாகத்தான் கணக்கு.

'தூக்கிவிடு' என்றான் உல்டெரிகோ.
'நம் ஆட்டத்தில் யாரும் சாவதில்லை.
விழுவார்கள். எழுவார்கள்.'

கட்டிலைச் சுற்றி
வைத்தியர், பாதிரி, பொறாமைத் தங்கை,
கதவைப் பிடித்தபடி காவலாள், கடன்காரன்.
படுத்திருப்பவளோடு ஆறு.
ஆளோ ஐந்து.
எனவே ஸ்தெங்கா ஓடினாள்.
போர்வைக்குள் இருமல்,
திரைக்குப் பின் ஒரு தாவல்,
கொக்கி மூக்கோடு வந்து 'என் பணம்?'
மறுபடி தாவல், மறுபடி இருமல்.
சிரித்த சிரிப்பில் கணப்பைக் கவிழ்த்துவிட்டோம்.
மூன்று நாள் வேகம் கூட்டினோம்.
நிமிடத்துக்கு நான்கு சாவு, பிறகு ஏழு.

நான்காம் நாள் வார் அறுந்தது.

ஒர்சோலாவின் முகம் தலையணையில் தங்கிவிட்டது.
ஸ்தெங்கா கடன்காரனாகத் திரும்பி வந்தபோது
கட்டிலில் ஆளில்லை.
நெற்றி, கன்னம், இரண்டு துளை.
பதில் சொல்ல வாயில்லாத பாதி முகம்.

நிறுத்தியிருக்கலாம்.
மேடைப் பழக்கம், நிறுத்தவில்லை.
பட்டியலைப் பிரித்தாள்.
'உப்பு, இரண்டு படி.'
காத்திருந்தாள்.
'கம்பளித் துணி, மூன்று முழம்.'
காத்திருந்தாள்.
'மெழுகுவத்தி.'

தகரத்தில் காற்று.

'சரி, மெழுகுவத்தியை விட்டுவிடுகிறேன்' என்றான் கடன்காரன்.
தலையணையை உற்றுப் பார்த்தான்.
'துணியும் வேண்டாம்.'
கொக்கி மூக்கு இன்னும் குனிந்தது.
'உப்பு... அதுவும் போகட்டும்.
வட்டி மட்டும்.'
பிறகு, யாரோ பேரம் பேசியதுபோல,
'சரியம்மா, வட்டியும்.'

உல்டெரிகோதான் முதலில் சிரித்தான்,
உடனே உள்ளங்கையால் வாயைப் பொத்தினான்,
பல்வலி வாயை, சொந்த வாயை.
காவலாளாக நின்ற பையன்
கதவே இல்லாத இடத்தில்
கதவை மெல்லச் சாத்தினான்.

அன்றிரவு ஒன்பது பக்கத்தையும் அடித்தேன்.
ஓரத்தில் இரண்டு சொல் எழுதினேன்:
வார் அறுகிறது.

காலையில் நேவியோ
அதைத் தைக்க உட்கார்ந்திருந்தான்.
தைக்காதே என்றேன்.
ஒவ்வொரு காட்சிக்கும் அறுந்தாக வேண்டும்,
சரியாக அந்த இடத்தில்.
கிறுக்கியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
முதல் வாரம் எட்டுக் காட்சி, எட்டு வார்.
உட்கார்ந்து வெட்டினான்,
நடுவில் கத்தியால் லேசாகக் கீறி.

பிறகு காது இடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து
எனக்கொரு பட்டியல் எழுதினான்.
தோல் இவ்வளவு. கூலி இவ்வளவு. மெழுகுநூல்.
டிக்கெட் விற்ற பிறகுதான் பணம் என்றேன்.

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
'சரி, நூலை விட்டுவிடுகிறேன்' என்றான்,
நடிக்கத் தெரியாதவன்.